நீல மேடை ஒளியில் எடுத்த ராக் படங்கள் அச்சில் திட்டாகிவிடுகின்றன

பெங்களூரில் ராக் இசைக்குழுப் படங்களின் கண்காட்சி. சுவரில் மாட்ட இன்னும் 12 நாள். 30 படங்களில் 7 மட்டும் மக்கர். எல்லாமே நீல எல்இடி ஒளியில் எடுத்தவை. திரையில் பாடகரின் கன்னமும் மூக்கும் தெரிகின்றன, அச்சில் முகமே ஒரு நீலத் திட்டு.

கேனான் ஆர்6, ரா கோப்பு, ஐஎஸ்ஓ 6400. 308 ஜிஎஸ்எம் பருத்தி மேட் தாள், 24×36 அங்குலம், பிக்மென்ட் மை.

தாளுக்குரிய ஐசிசி ப்ரொஃபைலில் (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சின் திரை முன்னோட்டம், பார்த்தாயிற்று. அச்சில் அடங்காத நிறங்களை மாற்றும் முறையை ரெலடிவிலிருந்து பெர்செப்சுவலுக்கு மாற்றியும் பலனில்லை. நீலச் செறிவை 30 குறைத்தால் முகம் கொஞ்சம் திரும்புகிறது, மேடை சாம்பலாகிவிடுகிறது. படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் நீலம் உச்சத்தில் வெட்டுப்பட்டு விவரம் இழந்திருக்கிறது. பச்சையில் விவரம் உண்டு, சிவப்பில் வெறும் நாய்ஸ் (புள்ளி இரைச்சல்). கறுப்பு வெள்ளை வேண்டாம், அந்த நீலம்தான் படமே.

பச்சைச் சேனலை லுமினாசிட்டி லேயராக (நிறத்தை விட்டு வெளிச்சத்தை மட்டும் மாற்றும் அடுக்கு) ஏற்றினால் மேட் தாளிலேயே முகம் வருமா, இல்லை பளபளப்புள்ள பரைட்டா தாளுக்கு மாறினால்தான் தீருமா?