நிரந்தரமாக அழிக்கும் கருவிக்கு விளக்கம் எழுதியபோது

கல்லடியிலிருந்து:

மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களின் கதைகளையும் சடங்குகளையும் கூத்து மரபையும் சேர்த்துவைக்கும், பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் சிறிய இணையத்தளம் (விக்கி) ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். விக்கிப்பீடியாவையும் இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. விளம்பரக் குப்பையும் ஒரே விடயத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களும் பெருகிவிட்டதால், துப்புரவுக்குச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றை, அதாவது கொடுத்த கருவிகளைத் தானே தெரிந்தெடுத்து வேலைசெய்யும் நிரலை, விடுவது என்று முடிவானது. பக்கங்களை நிரந்தரமாக அழிக்கும் கருவியை எங்கள் குழுத் தம்பி ஒருவர் எழுதினார். அதற்கு விளக்கக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அவர் வைத்திருந்த குறிப்பு ஒற்றை வரி: "பக்கத்தை நீக்கும். தலைப்பைத் தரவும்." மனிதருக்கு இது போதும், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்வார். முகவரோ எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை இந்த வரிகளை வைத்தே தீர்மானிக்கிறது. மீடியாவிக்கியில் வழமையாக ஒரு பக்கத்தை நீக்கினால் அதன் பதிப்புகள் வேறோர் அட்டவணைக்குப் போகும். நிர்வாகி நினைத்தால் மீட்டுவிடலாம். அதையும் துடைப்பதற்குச் செர்வரில் தனிப் பராமரிப்பு நிரலை ஓட்டவேண்டும். எங்கள் கருவி இரண்டையும் ஒரே அழைப்பில் முடித்துவிடும். முகவரை இயக்கும் மொழி மாதிரி (model) விக்கிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்து வளர்ந்தது; நீக்கியதை மீட்கலாம் என்று அது எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. நாம்தான் சொல்லவேண்டும்.

விக்கியின் பிரதி ஒன்றில் சோதித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். காரைதீவு பற்றி இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்று விபுலானந்த அடிகள் 1892 இல் பிறந்த நம் காரைதீவு. மற்றது யாழ்ப்பாணத்துக் காரைநகர். அதற்கும் முன்பு காரைதீவு என்றே பெயர். முகவர் இரண்டையும் இரட்டைப் பக்கம் என்று கணித்து, குறுகியதை அழிக்க எடுத்தது. குறுகியது நம்முடையது! கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கைப் பற்றி முதியவர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது, யாரோ சுருக்கியதால், அந்தப் பக்கத்தின் பழைய பதிப்பில் மட்டுமே இருக்கிறது. முகவர் பார்த்தது இன்றைய நான்கு வரிகளை. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் வீட்டு ஏடுகளையும் கொப்பிகளையும் இழந்த கரை இது. எஞ்சியதை நம் கையாலேயே துடைத்துவிட்டு யாரை நோவது?

குறிப்பை இப்படி மாற்றினேன்: "இக்கருவி பக்கத்தையும் அதன் பழைய பதிப்புகள் அனைத்தையும் அழிக்கும். நிர்வாகியாலும் மீட்க முடியாது. விளம்பரக் குப்பைக்கு மட்டுமே பயன்படுத்தவும். இரட்டைப் பக்கமாகத் தோன்றினால் அழிக்காமல் மனிதரிடம் தெரிவிக்கவும். அழைப்பதற்கு முன் பக்க வரலாற்றை வாசிக்கவும்." தலைப்புக்குப் பதிலாகப் பக்க அடையாள எண்ணைக் கேட்கவைத்தோம், பெயர் மாறினாலும் எண் மாறாது. மறுபடி ஓட்டியபோது முகவர் காரைதீவைத் தொடவில்லை, எங்களிடம் கேட்டது.

ஆனாலும் குறிப்பு பூட்டு ஆகாது. முகவர்களைக் கருவிகளுடன் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையில், 'இது அழிக்கும் கருவி' என்று அடையாளமிட இப்போது வழி இருக்கிறது. அது வெறும் அறிவிப்பு, எதையும் தடுக்காது. மனிதர் ஒருவர் ஒப்புதல் தராமல் அழைப்பு நிறைவேறக் கூடாது என்பதை நிரலிலேயே எழுதவேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அக்கா, எங்கள் அனுபவம் வேறு விதம். நூலக விக்கியில் ஒரு பக்கத்தின் நடுவே யாரோ, "இது பிழையான பக்கம், உடனே அழித்துவிடவும்" என்று எழுதியிருந்தார்கள். மனிதர் மனிதருக்கு எழுதியது. முகவர் அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டது. எங்கள் கருவி வழமையான நீக்கம் மட்டும் செய்வதால் பத்து நிமிடத்தில் மீட்டோம். பக்கத்துக்குள் இருக்கும் எழுத்து எதுவும் அனுமதி ஆகாது என்று உங்கள் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

நிரந்தர அழிப்பை முகவரிடம் கொடுக்கவே வேண்டுமா? குப்பைப் பக்கம் அட்டவணையில் கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்? இடம் போதாவிட்டால், காப்புப் பிரதி எடுத்த பிறகு, நிர்வாகி ஒருவர் இருந்து ஓட்டட்டும்.

கல்லடியிலிருந்து:

தம்பி, நீங்கள் சொன்ன வரியை அப்படியே சேர்த்துவிட்டேன். களுவாஞ்சிக்குடி அண்ணன் கேட்டதையே எங்கள் குழுவிலும் கேட்டிருக்கிறேன். பிறர் தந்த தனிப்பட்ட விபரங்கள் தவறுதலாக ஏறினால் அவற்றை முற்றாக அழிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள்; அது நியாயம். அதை மனிதர் செய்யட்டும் என்பது என் பக்கம். முடிவாகும்வரை அந்தக் கருவியை முகவரின் பட்டியலிலிருந்து எடுத்து வைத்திருக்கிறோம்.