மறு: அலாட்மென்ட், ஃபோரேஜிங் – நூல்பட்டியலுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

> அலாட்மென்ட் = ஒதுக்கீட்டுத் தோட்டம்
> ஃபோரேஜர் = காட்டுணவு சேகரிப்பவர்
> இப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அகராதியை வைத்துப் பார்த்தால் இரண்டும் சரிதான். ஆனால் பட்டியலைப் பார்த்துப் புத்தகம் எடுக்க வருகிறவருக்குத் தன் அலமாரி எது என்று தெரியாமல் போய்விடும். ஒதுக்கீடு என்றதும் நம்மவர் நினைப்பு கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும்தானே ஓடும்?

பிரிட்டனில் வருட வாடகைக்கு எடுத்து வீட்டுக்குக் காய்கறி விளைவிக்கும் சிறு நிலத்துண்டுதான் அலாட்மென்ட். இங்கிலாந்தில் பொது மேய்ச்சல் நிலங்களை வேலி போட்டு வளைத்தபோது, நிலமில்லாத கூலிகளுக்கென்று சில துண்டுகளை ஒதுக்கினார்கள். பெயர் அப்படி வந்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பவர்களுக்கு நிலம் தருவதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவு: கால் ஏக்கருக்கு மேல் போகக் கூடாது, பெரும்பாலும் வைத்திருப்பவரே பாடுபட வேண்டும், விளைகிற காயும் பழமும் முக்கியமாக அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஆக, சொல்லில் இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும்: வருடத்துக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி வைத்திருக்கும் நிலம், வீட்டுக்கு விளைவிக்கும் நிலம்.

லண்டனில் என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டிய துண்டு. தாளில் ‘10 ராட்’ என்று போட்டிருந்தார்கள்; எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துத் துண்டில் பூசணிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, “பத்துப் பேர்ச் காணிதானே தம்பி” என்றார். ராடும் பேர்ச்சும் ஒரே அளவாம். நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட்.

அவரோடு பேசிய பிறகுதான் ‘தோட்டம்’ என்ற சொல்லே எவ்வளவு வழுக்குகிறது என்று புரிந்தது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடுகிற பயிர்நிலம். வீட்டைச் சுற்றியிருப்பது வளவு. மலையகத்தில் தோட்டம் என்றாலே தேயிலை. கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், மழையை நம்பியது காடு. ‘குத்தகைத் தோட்டம்’ என்று எழுதினால் பாதிப் பேர் வியாபாரத்துக்குப் பிடித்த மாந்தோப்பை நினைப்பார்கள்.

அதனால் நான் முன்வைப்பது குத்தகைக் கொல்லை. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. குத்தகை என்றால் தொகை முன்பே பேசி முடித்தது. இங்கே நடப்பது இரண்டாவதுதான். கொல்லை என்றால் முருங்கையும் அவரையும் வாழையும் வீட்டுக்காக நிற்கும் இடம் என்பது தஞ்சைப் பக்கம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ‘கொல்லைக்குப் போவது’ என்பதற்கு வேறு பொருளும் உண்டே என்று ஒரு நண்பர் தயங்கினார். குத்தகை முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் வராது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது ஃபோரேஜர். காட்டுணவு வேண்டாம். கொங்குக்காரருக்குக் காடு என்பதே விளைநிலம். இங்கிலாந்திலும் நாவூற வைக்கும் பிளாக்பெர்ரி கிடைப்பது பாதையோர வேலிகளில். போன கோடையில் அம்மா வந்திருந்தார். நான் களை என்று பிடுங்கிக் குவித்ததைக் கிளறி, “சக்கரவர்த்திக் கீரையைப் போய் இப்படிக் குப்பையில் போடுவாயா?” என்று கடிந்துகொண்டு, நுனியாகக் கிள்ளி மடியில் கட்டினார். அன்று இரவு பருப்போடு கடைந்த கீரை. நான் விதைக்காத ஒன்று என் நிலத்திலேயே உணவாக இருந்திருக்கிறது.

இதற்குச் சொல்லை நாம் புதிதாகச் செய்யவே வேண்டாம். பாரியின் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் புறநானூறு 109-இல் சொல்வது நினைவிருக்கும்: உழவர் உழாத பயன் நான்கு அங்கே உண்டு. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அந்த ‘உழாதன’ என்பதிலிருந்து உழாவுணவு. காடு, வேலி, ஆற்றங்கரை, என் களைக் குவியல் எல்லாம் இதற்குள் அடங்கும்.

வினைக்கு ‘பறித்தல்’ எனக்குப் போதவில்லை, ஏனென்றால் களையையும் வேரோடு பறிக்கிறோம். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் காட்டுச் செடி எதையும் வேரோடு எடுப்பது பிரிட்டனில் குற்றம். தானாக வளர்ந்த இலையையும் பழத்தையும் காளானையும் விற்காமல் வீட்டுக்கு எடுத்தால் இங்கிலாந்தில் அது திருட்டாகாது. வேரை விட்டு மேலே எடுப்பதற்கு நம்மிடம் ‘கொய்தல்’ இருக்கிறது. எனவே உழாவுணவு கொய்வோர்.

அலமாரிகளைக் கட்டாயம் பிரித்து வையுங்கள். கொல்லைக்காரருக்கு வேண்டியது மாதவாரியாக விதைப்பு, கடைசி உறைபனி, மண் பற்றிய புத்தகம். கொய்வோருக்கு முதலில் வேண்டியது நஞ்சுள்ள செடிகளைக் காட்டும் படம். வசந்தத்தில் காட்டுப் பூண்டு இலையும் நஞ்சுள்ள லில்லி ஆஃப் த வேலி இலையும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். கசக்கி முகர்ந்தால் பூண்டு மணக்கும் என்பார்கள். நாலு இலை கசக்கிய பிறகு விரலே மணக்கும், அப்புறம் எதை முகர்ந்தாலும் பூண்டுதான். இப்படிப்பட்ட இரட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாத புத்தகத்தைப் பரிந்துரையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரிச்சர்ட் மேபி 1972-இல் எழுதிய ‘ஃபுட் ஃபார் ஃப்ரீ’ இந்த அலமாரிக்குத்தான் போக வேண்டும். சமையல் வரிசையில் வைத்திருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள்.

தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘தோட்டக்காரர், குத்தகைக் கொல்லைக்காரர், உழாவுணவு கொய்வோர் – மூவருக்குமான நூல்கள்’.

ஈழத்து நண்பர்களுக்குக் ‘கொல்லை’ காதில் எப்படி விழுகிறது? ‘குத்தகைக் காணி’தான் இயல்பு என்றால் இரண்டையும் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் அண்ணையிடமும் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்