படம் 51 யாருடைய படம்?

மாங்குளத்தான்: நேற்று ஒருவர் இங்கே, "ரோசலிண்ட் பிராங்ளின் தன் கையால் எடுத்த படம் 51-ஐத் திருடித்தான் வொட்சனும் கிறிக்கும் டீ.என்.ஏ.யின் வடிவத்துக்கு நோபல் வாங்கினார்கள்" என்று எழுதியிருந்தார். வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டீ.என்.ஏ.யின் அந்த எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்தது ரேமண்ட் கொஸ்லிங். உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களே இப்படி எழுதினால் பிள்ளைகள் பாவம்.

கச்சான் ரீச்சர்: எழுதினது நான்தான் தம்பி, பெயரைச் சொல்ல என்ன பயம்? கொஸ்லிங் பிராங்ளினிடம் படித்த பொடியன். டீ.என்.ஏ. நாருக்கு ஈரம் கூடினால் ஒரு வடிவம், காய்ந்தால் இன்னொரு வடிவம் என்று பிரித்துக் காட்டினது அவ. கமராவுக்குள் போகிற ஐதரசனை உப்புக் கரைசலுக்குள்ளால் விட்டு ஈரத்தைக் கட்டுப்படுத்தினதும் அவ. கலியாண வீட்டில் ஸ்டூடியோக்காரர் லைட் பிடித்து, பொம்பிளையின் நாடியை நிமிர்த்திவிட்டு, கூட வந்த பொடியனிடம் "அமத்தடா" என்றால் அல்பத்தில் யார் பெயர் இருக்கும்?

ஒட்டுசுட்டான் வாசகன்: அவ படித்தது இரசாயனம். அவவை மூலக்கூற்று உயிரியலாளர் என்றும் சொல்கிறார்களே, அப்படியென்றால் யார் என்று முதலில் ஒரு முடிவுக்கு வருவோமா?

மாங்குளத்தான்: அது கிடக்கட்டும். அமத்திறதா? 60 மணித்தியாலத்துக்கு மேல் எக்ஸ் கதிர் விழுந்து வந்த படம் ரீச்சர் அது, கலியாண வீடு இல்லை. எடுத்தது கொஸ்லிங். திருட்டும் இல்லை. பிராங்ளின் வேறு இடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்ததால் கொஸ்லிங் திரும்ப அதே கல்லூரி விஞ்ஞானி வில்கின்ஸின் கீழ் வந்துவிட்டார், படமும் வில்கின்ஸிடம் வந்தது.

கச்சான் ரீச்சர்: வந்ததைப் பெட்டிக்குள் வைத்திருக்கலாமே! 1953 ஜனவரியில் வொட்சனுக்குக் காட்டினாரே, பிராங்ளினிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அதே வருடம் ஏப்ரல் 25 நேச்சர் சஞ்சிகையில் கட்டுரைகள் வந்தபோது வொட்சன், கிறிக் முன்னுக்கு, இவ கடைசியில். 1958-ல் 37 வயதில் புற்றுநோயில் போய்விட்டா. 1962 நோபல் அந்த இருவருக்கும் வில்கின்ஸுக்கும். இதெல்லாம் கண்ணில் படாது, பொத்தானை அமத்தினது யார் என்பது மட்டும் படும்.

மாங்குளத்தான்: அந்தக் கடைசிக் கட்டுரையில் கொஸ்லிங்கின் பெயரும் இருக்கிறது. பிராங்ளினே போட்ட பெயரை நீங்கள் ஏன் அழிக்கிறீர்கள்? எனக்கு விளங்குகிறது. ஊர் நூலக மலருக்கு இரணைமடுக் குளம் வான் பாயிற படத்தை எடுத்தது நான், கீழே வந்தது உங்கள் தம்பியாரின் பெயர்.

கச்சான் ரீச்சர்: ஆ, இப்பதான் வெளியில் வருகிறது! கமரா அவனுடையது, மெமரி காட் அவனுடையது, விடிய நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் உங்களை ஏற்றிக்கொண்டு போனதும் அவன். அவன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஒருக்கால் அமத்தினீர்கள். மூலையில் உங்கள் விரலும் விழுந்திருந்தது, வெட்டித்தான் போட்டார்கள்.

ஒட்டுசுட்டான் வாசகன்: அந்தப் படத்துக்கு டீ.என்.ஏ.யைக் கொடுத்தது பேர்ண் நகரத்து விஞ்ஞானி சிக்னர், கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியில் எடுத்தது. அவரைப் பற்றி ஒருவரும் கதைக்கக் காணோம்.

மாங்குளத்தான்: விரல் விழுந்தால் என்ன, எடுத்தது நான். படம் 51-ஐ எடுத்தது கொஸ்லிங்.

கச்சான் ரீச்சர்: விரல் விழுந்ததை ஒத்துக்கொண்டதற்கு நன்றி. பின்னேரம் வகுப்பு முடிந்து வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.