காலைக் குளிரில் ‘பி’ (பார்க்கிங்) நிலையை விட்டு நகராத கியர் லிவர்: மின்கோளாறை எங்கிருந்து தேடுவது?

கோத்தகிரி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து, காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தாலும் கியர் லிவரின் பொத்தான் உள்ளே அமுங்க மறுக்கிறது. பிரேக்கை விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் சில வேளைகளில் லிவர் விடுபடுகிறது. வெயில் ஏறியபின் பெரும்பாலும் தொல்லை இல்லை.

பழுது பார்க்குமிடத்தில் லிவர் அமைப்பு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் எதையும் அளந்து பார்த்து அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரேக் விளக்குகள் எரிகின்றன, பியூஸ் நன்றாக இருக்கிறது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அதிகாலையிலேயே குன்னூருக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால், இதை இப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. மல்டிமீட்டர் கைவசம் உண்டு. எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொடைக்கானல் ஓட்டுநர்

மின்சாரத்தைத் தொடுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சரிவில் நிறுத்தும்போது கை பிரேக் போடாமல் நேராக ‘பி’யில் தள்ளிவிட்டுக் கால் பிரேக்கை விட்டால், வண்டியின் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பார்க்கிங் பூட்டின் பல்லில் போய் உட்கார்ந்துவிடும். மறுநாள் லிவரை இழுப்பதற்குப் பெரும் பலம் தேவைப்படும். ‘டக்’ என்ற ஓசையோடு வண்டி ஒரு முறை குலுங்கித்தான் விடுபடும். எங்கள் மலையிலும் உங்கள் மலையிலும் இதை மின்கோளாறு என்று எண்ணிச் செலவு செய்பவர்கள் பலர். அந்த நிலையில் பொத்தான் பெரும்பாலும் அமுங்கும், லிவர்தான் நகராது. உங்களுக்குப் பொத்தானே அமுங்கவில்லை என்பதால் இது வேறு வகையாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் சமதளத்தில் ஓர் இரவு நிறுத்திப் பார்த்தால் ஐயம் தீரும்.

சரிவில் நிறுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கால் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, ‘என்’ (நியூட்ரல்) நிலைக்கு மாற்றி, கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி, வண்டியின் பாரம் கை பிரேக்கில் அமர்ந்தபின் மறுபடி மிதித்து ‘பி’க்கு மாற்றுங்கள்.

குன்னூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

மேலே நண்பர் சொன்னது முற்றிலும் சரி. சமதளத்திலும் கோளாறு தொடர்ந்தால், கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பிரேக்கை மிதிக்காமல் லிவரை ‘பி’யிலிருந்து நகரவிடாத பூட்டு ஒன்று லிவரிலேயே உண்டு; கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பூட்டு வேறு. இதன் வேலை எளிமையானது. லிவரின் அடியில் ஒரு சோலினாய்டு (மின்சாரம் போனதும் முள்ளை இழுக்கும் சிறு மின்காந்தம்) இருக்கிறது. இக்னிஷன் ஆன் ஆகி, லிவர் ‘பி’யில் இருக்கும்போது பிரேக்கும் மிதிக்கப்பட்டால்தான் அதற்கு மின்சாரம் போகும், போனதும் அது பூட்டு முள்ளை விலக்கும். ஆகவே தேட வேண்டிய இடங்கள் சிலவே: பியூஸ், பிரேக் மிதிக்கு மேலே உள்ள சுவிட்ச், லிவர் ‘பி’யில் இருப்பதைத் தெரிவிக்கும் சிறு சுவிட்ச், கட்டுப்பாட்டுப் பெட்டி, சோலினாய்டு, இவற்றை இணைக்கும் வயரும் எர்த்தும் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு). எஸ்டேட் பக்கம் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த வயரையும், கன்சோலில் டீ சிந்தியதால் பச்சை பூத்த கனெக்டரையும் அடிக்கடி பார்க்கிறேன் என்பதால், முதலில் டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள்.

பிரேக் விளக்கு எரிகிறது என்பதால் பிரேக் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல கார்களில் அந்த ஒரே சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று விளக்குக்கு, மற்றொன்று கணினிக்கு. ஒரே தொடர்பு உள்ள கார்களிலும், முனை கருகிப்போய்த் தடை கூடினால், விளக்கு மங்கலாகவேனும் எரியும். ஆனால் அந்தக் குறைந்த வோல்டேஜைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ‘பிரேக் மிதிக்கப்பட்டது’ என்று ஏற்றுக்கொள்ளாது. பலமுறை மிதித்தால் வேலை செய்கிறது என்கிறீர்கள். தேய்ந்த முனைகள் ஒரு மிதியில் சரியாகப் பொருந்தியும் அடுத்த மிதியில் பொருந்தாமலும் போவதன் அடையாளம் அது. ஈரமும் குளிரும் அதைக் கூட்டும்.

சோதிக்கும்போது கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை நிறுத்தி இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்ஜின் ஓசை இல்லாதபோது மற்றொருவர் பிரேக்கை மிதித்தால் லிவரின் அடியில் ‘க்ளிக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மீட்டரின் ஊசியைச் செருகி, பிரேக் சுவிட்சின் உள்வரும் வயரையும் வெளிச்செல்லும் வயரையும் அளந்து பாருங்கள். கழற்றிவிட்டு அளக்கும்போது மின்னோட்டம் இருக்காது; அப்போது கருகிய தொடர்புகூட முழு 12 வோல்ட் காட்டும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சுவிட்ச் மூடியிருக்கையில் அதன் இரு முனைகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அதை மாற்றிவிடுங்கள். எர்த்தையும் அவ்வாறே பாருங்கள்: சோலினாய்டு இழுக்கும் நேரத்தில் அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் போதும்.

சோலினாய்டுக்கு முழு வோல்டேஜ் வந்தும் அது அசையவில்லை என்றால் மட்டுமே லிவர் அமைப்பைக் குறை சொல்ல வேண்டும். கன்சோலைத் திறக்க நேர்ந்தால் மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை.

கோத்தகிரி வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சமதளத்தில் நிறுத்தியும் கோளாறு அப்படியே இருந்தது. பிரேக் சுவிட்சுக்கு உள்வரும் வயரில் 12.4 வோல்ட் நிலையாக இருக்கிறது. வெளிச்செல்லும் வயரில், லிவர் விடுபடும் மிதியில் 12 வோல்ட்டும், விடுபடாத மிதியில் ஏறத்தாழ 7 வோல்ட்டும் காட்டுகிறது. அந்த மிதிகளில் சோலினாய்டுக்கு எதுவும் வருவதில்லை. சுவரில் விழும் சிவப்பு வெளிச்சமும் அப்போது மங்கலாகிறது. சுவிட்சை மாற்றிவிடுகிறேன். பனிமூட்டத்தில் பின்னால் வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று பம்பரில் இரண்டு கூடுதல் பிரேக் விளக்குகளைப் பொருத்தி, பழைய பிரேக் விளக்கு வயரிலேயே இணைத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? மேலும், புதிய சுவிட்ச் வரும்வரை பூட்டு முள்ளைக் கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்; செய்யலாமா?

குன்னூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

முள்ளைக் கழற்றாதீர்கள். குழந்தை ஒன்று லிவரைத் தட்டினாலும் வண்டி சரிவில் உருளும் என்பதற்காகத்தான் இந்தப் பூட்டு இருக்கிறது. 2010 செப்டம்பர் 1 முதல் தயாரான கார்களுக்கு அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சரிவுகளுக்கு இது இன்னும் அவசியம். அவசரத்துக்கு, லிவருக்குப் பக்கத்தில் சிறு மூடிக்குள் இருக்கும், பூட்டைக் கையால் விடுவிக்கும் துளையைப் பயன்படுத்துங்கள். கை பிரேக்கும் கால் பிரேக்கும் இருக்கும்போது மட்டும். கிளம்புமுன் பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் பனிமூட்டத்தில் பிரேக் விளக்கு எரியாமல் மலைப்பாதையில் இறங்குவது பூட்டுக் கோளாறைவிடப் பெரிய ஆபத்து.

கூடுதல் விளக்குகளுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 21 வாட் பல்புகள் இரண்டு சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். நான்கானால் 7 ஆம்பியர். அத்தனையும் அந்தச் சின்ன முனைகளின் வழியாகத்தான் ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஓயாமல் மிதிக்கும் நம் ஓட்டத்தில் அவை விரைவில் கருகத்தான் செய்யும். விளக்குகளை எடுத்துவிட வேண்டியதில்லை. அவற்றுக்குப் பேட்டரியிலிருந்து தனிப் பியூஸ் வைத்து ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாக மின்சாரம் கொடுங்கள். பழைய பிரேக் வயர் அந்த ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும்.

புதிய சுவிட்சைப் பொருத்தியபின், மிதியை விட்டதும் விளக்குகள் முழுவதும் அணைகின்றனவா என்றும், பிரேக்கை மிதிக்காமல் லிவர் ‘பி’யை விட்டு வர மறுக்கிறதா என்றும் பாருங்கள். சுவிட்ச் மிதியிலிருந்து அதிகம் விலகி அமர்ந்தால் விளக்கு அணையாமல் பேட்டரி காலியாகும். பூட்டும் எப்போதும் திறந்தே இருக்கும்.