கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாமா?

பெரம்பூர்வாசி: முதியோர் இல்லங்களைக் குறை சொல்லியே சிலர் பிழைக்கிறார்கள். நானும் ஒரு இல்லம் நடத்துகிறவன்தான். கிளவுஸ் போட்ட ஆயா ஒவ்வொரு கட்டிலுக்கும் கை கழுவத் தேவையில்லை. லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் வட சென்னை ஏரியாவில் அது நடக்காது.

கொருக்குப்பேட்டை சிஸ்டர்: தேவையில்லையா? எந்த வார்டில் கற்றுக்கொண்டீர்கள் சார்? கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டும். உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு, நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என ஐந்து தருணங்களைச் சொல்கிறது. கிளவுஸ் போட்டதால் அதில் ஒன்றுகூடக் குறையாது. ஒரு பாட்டிக்கு டயப்பர் மாற்றிய கையோடு அடுத்த தாத்தாவின் யூரின் பையைத் தொட்டால், கட்டில் கட்டிலாகக் கிருமியைக் கொண்டு போய்க் கொடுப்பது நாம்தான்.

பெரம்பூர்வாசி: கிளவுஸை மாற்றக் கூடாது என்று நான் சொன்னேனா? கை கழுவத் தண்ணீர் எங்கே? அதைச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை சிஸ்டர்: ஆல்கஹால் ஹேண்ட் ரப்புக்குத் தண்ணீர் எதற்கு? 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும்.

தண்டையார்பேட்டை மகள்: எல்லாவற்றுக்கும் அது ஆகாது அக்கா. கையில் மலம் பட்டிருந்தாலும், சி. டிஃப் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு என்றாலும் சோப்பும் தண்ணீரும்தான். அந்தக் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி உறை போட்ட வித்து, ஆல்கஹாலுக்குச் சாகாது. என் அம்மா இருந்த இல்லத்தில் ஒருவருக்கு வந்த சொறி அறை முழுக்கப் பரவியது. ஆயா கையில் கிளவுஸ் இருந்தது, காலையில் போட்டது!

பெரம்பூர்வாசி: உங்கள் பக்கம் பேசுகிறவரே தண்ணீர் வேண்டும் என்கிறார். தண்ணீர் எங்கே?

கொருக்குப்பேட்டை சிஸ்டர்: பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். மாஸ்க் பற்றிப் பேசியபோதும் மூக்குக்குக் கீழே போட்டால் போதும் என்று கடைசி வரை நின்றவர்தானே நீங்கள்.

கொளத்தூர் தம்பி: வட சென்னை என்றாலே தண்ணீர் இல்லை என்று எழுதாதீர்கள் அண்ணா. எங்கள் தெருவில் குழாயில் வருகிறது.

பெரம்பூர்வாசி: கொளத்தூர் எப்போது வட சென்னை ஆனது?

கொளத்தூர் தம்பி: நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்கள். பெரம்பூரும் கொளத்தூரும் ஒரே வட சென்னைதான்.

கொருக்குப்பேட்டை சிஸ்டர்: தொகுதியை விடுங்கள். கழற்றும்போது கிளவுஸ் முதலில், மாஸ்க் கடைசியில், அப்புறம் கை சுத்தம். இதை உங்கள் ஆயாக்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

பெரம்பூர்வாசி: என் ஆயாக்களை இழுக்காதீர்கள். ராத்திரி முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். நீங்கள் ஓய்வு பெற்றவர், நான் தினமும் நடத்துகிறவன். தண்ணீருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொருக்குப்பேட்டை சிஸ்டர்: வந்துவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். லாரி வராத நாளில் உங்கள் இல்லத்தில் சமையல் நிற்கிறதா? அதற்குத் தண்ணீர் எடுத்து வைக்கத் தெரிகிறதல்லவா? கைக்கும் ஒரு குடம் எடுத்து வையுங்கள்.