பி.வி.எஸ்சி.யா, எஸ்.ஐ. தேர்வா? பிளஸ் டூ முடித்தவனுக்கு வழி சொல்லுங்கள்

கொல்லிச்சாரல்:
பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்துவிட்டேன். கால்நடை மருத்துவத்துக்கு கட்-ஆஃப் 200-க்கு 193 வருகிறது. வீட்டில் ஐந்து கறவை மாடு இருப்பதால் அப்பா அதையே படிக்கச் சொல்கிறார். எனக்கு எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று ஆசை. பி.சி. பிரிவு, உயரம் 168 செ.மீ. மூன்று வருட டிகிரி ஒன்றை முடித்துவிட்டுத் தேர்வு எழுதலாமா? ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படித்தால் போலீஸுக்கு வயது தாண்டிவிடுமா? இரண்டு வேலையும் அன்றாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைதானம்:
தம்பி, ஆசையை அப்புறம் பேசுவோம், முதலில் உயரத்தைப் பார். சீருடைப் பணியாளர் தேர்வில் பொது, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும். எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. அளவெடுக்கும் இடத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும் சரி. காலையில் எழுந்ததும், வெறுங்காலோடு, குதிகால் சுவரில் ஒட்டி நின்று அளந்து பார். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு அமுங்கி மாலையில் ஒரு செ.மீ. வரை குறையும். காலையிலும் 168 என்றால், நீ இனி வளர்வதைப் பொறுத்துத்தான் அந்தக் கதவு.

மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். அதன்பின் 1500 மீட்டர் ஓட்டம், 7 நிமிடம். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் முதல் 400 மீட்டரைத் தெருப்பந்தயம் மாதிரி ஓடியவர்கள்தான். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 50 வினாடி என்று சீராக ஓடினாலே 7 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். கயிறு ஏறுவதற்குத் தனியாகப் பழக வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் பாதியில் தொங்கிவிடுவாய். பாதங்களுக்கு நடுவே கயிற்றைக் கவ்வி, காலால் உந்தி ஏற வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் நேரத்தோடு சொல்வதில்லை. உன் பேரில் ஊர்த் தகராறு, கல்லூரி அடிதடி என்று எந்த வழக்கும் ஏறக் கூடாது. சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை ஆனவரையும், சமரசத்தில் முடிந்தவரையும்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே தேர்வு விதி பார்க்கிறது. விண்ணப்பத்தில் மறைத்தால் அது தனிக் குற்றமாகி, நிலைமை இன்னும் மோசமாகும்.

வேலை எப்படி என்று கேட்டாய். எஸ்.ஐ.யின் பொழுதில் பெரும்பகுதி எழுத்தில் போகும். புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர்., ஸ்தலத்துக்குப் போனால் மகஜர் (சாட்சிகள் முன் கண்டதையும் எடுத்ததையும் எழுதும் பதிவு), வரைபடம், சாட்சி வாக்குமூலம், தினமும் வழக்கு நாட்குறிப்பு. கைதானவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போகாவிட்டால், உள்ளே இருப்பவர் சட்டப்படியே ஜாமீன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2024 ஜூலை 1-க்குப் பிறகு சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும்.

வழக்கு உடைவது எங்கே தெரியுமா? மகஜரில் மாலை 6 மணி, எஃப்.ஐ.ஆரில் மாலை 6.30, அது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த மூன்று நேரம் போதும். இதையெல்லாம் திருவிழா பந்தோபஸ்து, இரவு ரோந்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பிழையில்லாமல் எழுத வேண்டும். அதற்குப் பொறுமை இருக்கிறதா என்று உன்னையே கேட்டுப் பார்.

தொழுவம்:
வயதுக் கணக்கை நான் சொல்கிறேன். பி.வி.எஸ்சி. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளிருப்புப் பயிற்சி. இப்போது சேர்ந்தால் 23 வயதில் வெளியே வருவாய். எஸ்.ஐ. தேர்வுக்கு உச்ச வயது பொதுப்பிரிவுக்கு 30, பி.சி., எம்.பி.சி.க்கு 32. எந்தப் பட்டமும் போதும் என்பதால் கால்நடை மருத்துவப் பட்டமும் செல்லும். ஆக, படித்த பிறகும் உனக்கு எட்டு ஒன்பது வருடம் மிச்சம் இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பார்: போலீஸில் சேர்ந்துவிட்டு, 26 வயதில் சம்பளத்தை விட்டு ஐந்தரை வருடம் முழுநேரப் படிப்புக்கு யார் போவார்கள்? அதனால் வரிசையில் கால்நடை மருத்துவம்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

சேர்க்கை: மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமான தனுவாஸ் கலந்தாய்வு நடத்துகிறது. அகில இந்திய 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட். சம்பளத்தையும் பார்த்துக்கொள்: டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் கால்நடை உதவி மருத்துவருக்கு அடிப்படை 56,100-இல் ஆரம்பம், எஸ்.ஐ.க்கு 36,900.

ஆனால் மாட்டுக்குப் புல் போட்டு வளர்த்த பிரியம் மட்டும் இந்தப் படிப்புக்குப் போதாது. கன்று போட்ட மறுநாள் மாடு எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருக்கும். காது சில்லென்று இருக்கும். பால் காய்ச்சல். 450 மி.லி. கால்சியம் பாட்டிலை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதஸ்கோப். இதயத் துடிப்பு தாறுமாறானால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் மாடு கையிலேயே போய்விடும். உரிமையாளர் எதிரேதான் நிற்பார். சரியாக ஏற்றினால் பல மாடுகள் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும்.

கன்று வயிற்றில் தலை திரும்பிக் கிடந்தால் தோள்வரை கையை விட்டுத் திருப்ப வேண்டும். கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொட்டால், மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா கிருமி உன் உடம்புக்கும் வரலாம். வெறிநோய்த் தடுப்பூசியை முதல் நாளே போட்டுக்கொள்ள வேண்டிய தொழில் இது.

தடயம்:
இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுகிறீர்கள். அவை சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதை இந்தத் தம்பி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பகையில் மாட்டுக்கு விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. வழக்கு நிற்பதும் விழுவதும் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனையில். இரைப்பைப் பொருள், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் தனித்தனி ஜாடியில், கரையாமல் அடியில் உப்புத் தங்கும் அளவுக்குச் செறிந்த உப்புக் கரைசலில் போட வேண்டும். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். அந்த உப்புக் கரைசலில் கொஞ்சத்தைத் தனியாக மாதிரிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் விஷம் உப்பிலேயே இருந்தது என்று வாதிடுவார்கள். அடிக்கடி நடக்கும் தப்பு, எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடுவது. அது திசுப் பரிசோதனைக்கு. விஷப் பரிசோதனைக்கு அனுப்பும் உறுப்பை அது கெடுத்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்திருந்தால் கத்தியை எடுக்கவே கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். காது நரம்பில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் பார்த்த பிறகுதான் மற்றது. வயிற்றைத் திறந்துவிட்டால் கிருமி காற்றுப் பட்டு வித்தாகி அந்த மண்ணில் பல வருடம் கிடக்கும்.

சீருடையே வேண்டும் என்றால் ராணுவத்தில் ரீமவுண்ட் கால்நடைப் படை இருக்கிறது. 21 முதல் 32 வயது, எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், கேப்டன் பதவியில் நுழைவு, நாய், குதிரை, கோவேறு கழுதைகளோடு வேலை. எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலும் கால்நடை மருத்துவ அதிகாரிகள் உண்டு. இந்திய வனப்பணிக்கும் இந்தப் பட்டம் செல்லும்.

கொல்லிச்சாரல்:
நன்றி. காலையில் அளந்தேன், 168.5. ஐ.பி.எஸ்.ஸுக்கும் 170 தானா?

மைதானம்:
இல்லை, அங்கே ஆண்களுக்கு 165. மார்பளவு 84, விரிவு 5. உன் உயரம் போதும்.

தொழுவம்:
ஐ.பி.எஸ்.ஸுக்கு எழுதும் யு.பி.எஸ்.சி. தேர்வில் கால்நடை பராமரிப்பும் கால்நடை மருத்துவ அறிவியலும் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். தனியாக ஒரு பாடம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. 2021 முதல் 2023 வரை தமிழக டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு வேளாண்மைப் பட்டம் பெற்றவர். மூன்றாம் வருடத்திலிருந்து தினமும் ஒரு மணி நேரம் செய்தித்தாளும் பொது அறிவும் வைத்துக்கொள். முதல் வருடத்தில் வேண்டாம், உடற்கூறியல் எலும்புகளே உன் நேரத்தைத் தின்றுவிடும். கலந்தாய்வு விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் இப்போதே எடுத்து வை.