பனியில் சைக்கிளா, பேஸ்மென்டில் ட்ரெயினரா?

மோர்னிங்சைட்காரன் (ஸ்காபரோ):
எல்லாருக்கும் வணக்கம். வயசு 47. ஜூனில டொராண்டோவில கார்டினர், டிவிபி எண்ட ரெண்டு ஹைவேயையும் மறிச்சு நடத்துற ரைட் ஃபோர் ஹார்ட் சைக்கிள் ஓட்டத்தில ஓடவேணும் எண்டு மனசுக்குள்ள ஒரு நேர்த்தி. நவம்பர் வரைக்கும் ஹைலண்ட் கிரீக் பாதையில கிழமைக்கு மூண்டு நாள் உழக்கினனான். முதல் ஸ்னோவோட நிப்பாட்டிப்போட்டன். காரணம் இருக்கு. போன வருசம் அந்தப் பாதையில ஒரு பாலத்தில ஏறினதும் முன் சில்லு எங்க போனது எண்டே தெரியேல்லை. பாதை வெறும் ஈரம், பாலம் மட்டும் ஐஸ். இடுப்பு ரெண்டு கிழமை கத்தரிக்காய் நிறம்.

இப்ப ரெண்டு யோசனை. ஆணி வைச்ச ஸ்டட் ரயர் வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியில ஓடுறது ஒண்டு. பேஸ்மென்டில ஸ்மார்ட் ட்ரெயினர் (சைக்கிளைப் பூட்டி நிண்ட இடத்திலையே உழக்கிற மெசின்) பூட்டுறது மற்றது. ரெண்டுக்கும் சேர்த்துக் காசில்லை. மனிசி சொல்லுறா ரெண்டும் வேண்டாம், நடவுங்கோ எண்டு. அனுபவப்பட்டவை சொல்லுங்கோ.

கோவை_வாட்ஸ் (மிசிசாகா):
அண்ணா, இதுல யோசிக்க என்ன இருக்கு? ட்ரெயினர் வாங்குங்க.

கணக்கு சொல்றேன். டிசம்பர்ல இங்க 4:40க்கெல்லாம் சூரியன் போயிடுது. வேலை முடிஞ்சு வீடு வந்து, தெர்மல் போட்டு, அதுக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜாக்கெட், ரெண்டு ஜோடி சாக்ஸ், முகத்துக்குத் துணி, லைட்டுல சார்ஜ் இருக்கான்னு பார்த்து... கிளம்பவே இருபது நிமிஷம். திரும்பி வந்து சைக்கிளைக் கழுவித் துடைக்க இன்னொரு இருபது. நடுவுல ஓட்டினது நாப்பது நிமிஷம், அதுலயும் பாதி நேரம் பயத்துல விரல் பிரேக் மேலயே. நான் படியிறங்கின அஞ்சாவது நிமிஷம் மிதிச்சிட்டு இருப்பேன். 200 வாட்னு வெச்சா ஈஆர்ஜி மோடுல ட்ரெயினரே எதிர்ப்பைக் கூட்டிக் குறைச்சு அங்கேயே புடிச்சு வெச்சுக்கும். சிக்னல் கிடையாது, இறக்கம் கிடையாது, நம்மள நாமே ஏமாத்திக்க வழியும் கிடையாது.

இது ஏதோ வீடியோ கேம்னு சிரிக்கிறவங்களுக்கு: 2016 பிப்ரவரில மேத்யூ ஹேமன்னு ஒரு சைக்கிள் வீரர் ரேஸ்ல விழுந்து கையை ஒடைச்சிக்கிட்டார். அடுத்த சில வாரம் வீட்டுக்குள்ள ட்ரெயினர்தான். ஏப்ரல்ல பாரிஸ்-ரூபே ஜெயிச்சார், அதுவும் டாம் பூனன்ங்கற பெரிய வீரரைக் கடைசி ஸ்பிரின்ட்ல முந்தி. கல்லு பாவின ரோட்டுல ஓடுற ரேஸ் அது!

உழக்கி (ஸ்காபரோ):
தம்பி கோவை, மாரி வந்தால் உம்மட ஹேமன் கதையும் வந்திடும். மிச்சத்தையும் சொல்லும். அந்தாளுக்கு அது பதினைஞ்சாவது பாரிஸ்-ரூபே. அதுக்கு முதல் பதினாலு தரம் அந்தக் கல்லில அடிபட்டு எழும்பினவர். காலைக் காப்பாத்தினது ட்ரெயினர், சைக்கிளைப் பிடிக்கப் பழக்கினது ரோட்டு.

மோர்னிங்சைட் தம்பிக்குக் காலில ஒரு குறையும் இல்லை. அவர் சறுக்கினவர். பேஸ்மென்டில மூண்டு மாசம் உழக்கிப்போட்டு மார்ச்சில அதே பாலத்துக்குப் போனால், முந்தியை விட வேகமாய்ப் போய் விழுவார்.

தம்பி, பாலம் ஏன் முதல் உறையுது தெரியுமோ? மேலயும் காத்து, கீழயும் காத்து. நிலத்தின்ர சூடு அதுக்குக் கிடைக்காது. பாதை ஈரமாய்க் கிடந்தால் பாலம் ஐஸ் எண்டே நினைச்சுக்கொள்ளுங்கோ. ஏற முதலே வேகத்தைக் குறைக்க வேணும். ஏறின பிறகு பிறேக்கும் பிடிக்கக்கூடாது, ஹாண்டிலும் திருப்பக்கூடாது. விட்ட மாதிரி நேர போகவேணும்.

ரயர் விசயம்: நல்ல ஸ்டட் ரயர் ஒண்டில இருநூறுக்கு மேல சின்னச் சின்ன ஆணி இருக்கும், முனை டங்ஸ்டன் கார்பைட். வெறும் இரும்பெண்டால் தார் றோட்டில ஒரு மாசத்தில தேஞ்சுபோம். புது ரயரைப் பூட்டின உடனை ஐஸில கொண்டுபோய் விடாதேங்கோ. முதல் 40 கிலோமீட்டர் காய்ஞ்ச ரோட்டில, பிறேக்கை இறுக்கிப் பிடிக்காமல், எழும்பி நிண்டு உழக்காமல் மெதுவாய் ஓடவேணும். அப்பத்தான் ஆணி ரப்பருக்குள்ள வடிவாய் இருக்கும். ஐஸ் நாளில காத்தைக் கொஞ்சம் குறைச்சால் கூட ஆணி நிலத்தில முட்டும். ஒரு ரயருக்குத்தான் காசெண்டால் முன்னுக்குப் போடுங்கோ. பின் சில்லு சறுக்கினால் காலை ஊண்டலாம், முன் சில்லு சறுக்கினால் ஊண்டுறதுக்கு நேரம் கிடைக்காது. அது உங்களுக்கே தெரியும்.

ஒரு சோடி நல்ல ஸ்டட் ரயர் ஸ்மார்ட் ட்ரெயினரை விட மலிவு.

ஊலு_பிரியா (பின்லாந்து):
ஆறாவது குளிர்காலமா ஊலுல ஓட்டிட்டு இருக்கேன். குளிர்கால சைக்கிள் மாநாடு முதல்முதலா 2013ல நடந்தது எங்க ஊர்லதான். மைனஸ் 15ல ஸ்கூல் வாசல்ல நிக்கிற சைக்கிளைப் பார்த்தா நம்ம ஊர் டியூஷன் சென்டர் வாசல் ஞாபகம் வரும்.

ஆனா ஒரு விஷயம் இருக்கு. இங்க சைக்கிள் பாதைல உப்பு போட மாட்டாங்க. பனியைத் தள்ளி, மிச்சத்தை அமுக்கி விட்டு, மேல பொடிக்கல்லு தூவிடுவாங்க. மைனஸ் 10க்குக் கீழ அந்த அமுங்கின பனி கார்ன்ஃப்ளவரை விரல்ல நசுக்கினா வருமே, அந்த மாதிரி கீச்சுனு சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தா பிடிப்பு இருக்குன்னு அர்த்தம். சாதாரண டயர்லயே போகலாம். எனக்குப் பயமெல்லாம் ஏப்ரல்லதான். பகல்ல உருகி ராத்திரி உறையும்போது பாதை கண்ணாடி ஆயிடும்.

டொராண்டோல குளிர்காலம் பூரா எங்க ஏப்ரல் மாதிரிதானே? பாதி நாள் ஜீரோவைச் சுத்தியே நிக்கும். அதனால "பின்லாந்துல ஓட்டறாங்களே"ன்னு இங்க யாராவது எழுதறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

கோவை_வாட்ஸ்:
பாத்தீங்களா! ஊலுக்காரங்களே நம்ம கட்சி.

உப்பைப் பத்தி உழக்கி அண்ணா வாயே திறக்கல. சிட்டி ரோட்டுல கொட்டற உப்புத்தண்ணி செயின்ல, கேபிள்ல, பிரேக்ல எல்லாம் ஏறும். ஒரு வாரம் கவனிக்காம விட்டா செயின் செங்கல் கலர்ல நிக்கும். அபார்ட்மென்ட்ல இருக்கறவன் எங்க கொண்டுபோய்க் கழுவுவான்? குளியல் தொட்டியிலயா? (கழுவியிருக்கேன். அதுக்கப்புறம் வீட்ல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல.)

அடுத்தது குளிர். மைனஸ் 10ல 25 கிலோமீட்டர் காத்து அடிச்சா முகத்துக்கு அது மைனஸ் 19. காத்தே இல்லாத நாள்ல 25ல ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதேதான், காத்தை நாமே உண்டாக்கிக்கறோம். 1980ல பெல்ஜியத்துல லியேஜ்-பாஸ்டோன்-லியேஜ் சைக்கிள் ரேஸ் முழுக்கப் பனி. பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ ஒன்பது நிமிஷத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். ரேஸை முடிச்சதே 21 பேர்தான். ஈனோவுக்கு ரெண்டு விரல்ல உணர்ச்சி அதுக்கப்புறம் சரியா திரும்பவே இல்ல. அவர் ஈனோ. நாம திங்கக்கிழமை காலைல கீபோர்டு தட்டணும்.

உழக்கி:
ஈனோவைக் கொண்டு வந்தால் நான் ஹாம்ப்ஸ்டனைக் கொண்டு வருவன். 1988இல இத்தாலியில நடந்த ஜிரோ சைக்கிள் ரேஸ், கவியா கணவாய், 2600 மீற்றர் உயரத்தில பனிப்புயல். மற்றவையில சிலர் நடுங்கிக்கொண்டு காருக்குள்ள ஏற, ஆன்டி ஹாம்ப்ஸ்டன் அண்டைக்கு முதலிடத்தில நிக்கிறவருக்குக் குடுக்கிற இளஞ்சிவப்பு ஜேர்சியைப் போட்டார், பிறகு ஜிரோவையும் வெண்டார். அவற்ற குழு குளிர் உடுப்புக்கு முதலே ஆயத்தம் செய்திருந்தது. வித்தியாசம் கையுறையில தம்பி, துணிவில இல்லை.

உடுப்புக்கு ஒரு சின்ன விதி: படலையடியில நிக்கேக்க கொஞ்சம் குளிர வேணும். அங்கையே சூடாய் இருந்தால் பத்தாவது நிமிசம் வேர்க்கும், அந்த வேர்வைதான் பிறகு உறைய வைக்கும். கையுக்கு ஹாண்டிலில மாட்டுற பெரிய உறை. காலுக்குப் பெடலில கொழுவுற கிளிப் சப்பாத்து வேண்டாம், அடியில இருக்கிற இரும்பு பாதத்தின்ர சூட்டை உறிஞ்சும். தட்டைப் பெடலும் சாதாரண விண்டர் பூட்ஸும் காணும்.

உப்பு உண்மைதான். ஒரு பழைய சைக்கிளை மாரிக்கெண்டு நேர்ந்து விடுங்கோ. ஒவ்வொருக்காலும் ஒரு வாளி வெதுவெதுத்த தண்ணி, ஒரு பழைய துவாய், செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். உம்மைப் போல கார்பன் சைக்கிளைக் குளிப்பாட்டச் சொல்லேல்லை.

இன்னொண்டு. தொண்ணூறுகளில பெற்றோல் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில வளர்ந்தனாங்கள். ஐயா கரியரில அரிசி மூட்டை, பாரில என்னை வைச்சுக்கொண்டு வயல் ஒழுங்கைச் சேத்துக்குள்ளால கொண்டுபோவார். சேறும் ஸ்னோவும் ஒரே பாடம்: ஹாண்டிலை இறுக்காதை, அது தன்ர பாட்டுக்குக் கொஞ்சம் அலையட்டும், பாரத்தைப் பின்னுக்கு வை. மெசினில இது வராது. மூண்டு மாசம் வெயில் படாமல் நிலக்கீழ் அறையில இருந்தால் மனிசனுக்கு விசர் வரும், விற்றமின் டியும் வராது.

கோவை_வாட்ஸ்:
அண்ணா, வைட்டமின் டி விஷயத்துல அவுட். டொராண்டோ 43 டிகிரிக்கு மேல இருக்கு. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெயில் சாஞ்சு வர்றதால தோல்ல வைட்டமின் டி உண்டாக்கற கதிர் தேவையான அளவு தரைக்கு வந்து சேராது. நம்ம நிறத்துக்கு இன்னும் கஷ்டம். அதுவும் கண்ணு மட்டும் தெரியற மாதிரி மூடிட்டு ஓட்டற ஆளுக்கு! மாத்திரை போடுங்க. பகல் வெளிச்சம் கண்ணுல பட்டா தூக்கமும் மனசும் நல்லாருக்கும்னு சொல்லியிருந்தீங்கன்னா ஒத்துக்கிட்டிருப்பேன்.

இரவுப்பணி (நோர்த் யோர்க்):
வாசித்துக்கொண்டே வந்தேன், சிரிப்பு வந்தது. நான் காலை ஐந்து மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அரை மணிக்கு ஒரு பஸ், அதில் ஒன்று பிந்தினால் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க முடியாது. சைக்கிளில் 25 நிமிடம். பனி கொட்டினால் 40. எனக்கு வாட்டும் தெரியாது, ஹேமனும் தெரியாது.

ஒன்று மட்டும் எழுதுகிறேன், நீங்கள் யாரும் எழுதவில்லை. போன ஜனவரியில் மைனஸ் 22. பெடல் சுற்றுகிறது, சில்லு சுற்றவில்லை. செயின் அறுந்ததோ என்று குனிந்து பார்த்தால் முழுசாக இருக்கிறது. பின் ஹப்புக்குள் (சில்லின் நடுப்பகுதி) கிரீஸ் இறுகி, உள்ளே இருக்கிற பல் வெளியே வந்து பிடிக்கவில்லையாம். கடைக்காரர் பழைய கிரீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் போட்டுத் தந்த பிறகு பிரச்சினை இல்லை. அன்றைக்கு மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு நடந்தேன். கண்மடல் ஒட்டிக்கொண்டது.

மோர்னிங்சைட் அண்ணா, ஓட வேண்டிய கட்டாயம் இல்லாதவர் ஐஸ் மழைக்குள் ஓட வேண்டாம். நானே அன்றைக்கு பஸ்தான். கார்க்காரனுக்கு ஸ்டட் ரயர் இல்லை, அவன் சறுக்கினால் உங்களுடைய ரயர் என்ன செய்யும்?

உழக்கி:
கடைசி வரிக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அதுக்குத்தான் நான் ரோட்டை விட்டிட்டுப் பூங்காப் பாதைக்குள்ள போறனான். எல்லாப் பாதையையும் நகரசபை துப்புரவாக்காது, அதையும் சொல்லவேணும். ஒரு சாண் புதுஸ்னோவுக்குள்ள ஸ்டட் ரயரும் புதையும். அதுக்கு நாலு இஞ்சி ரயர் போட்ட ஃபட் பைக் வேணும், அது வேற செலவு.

ஊலு_பிரியா:
ஃபட் பைக்னா காத்து 5லிருந்து 8 பிஎஸ்ஐ. கட்டைவிரலால அழுத்தினா உள்ள போகணும். அதுக்கு மேல அடிச்சா பனி மேல மிதக்காது, கத்தி மாதிரி இறங்கிடும். மின்சார சைக்கிள் வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. ஜீரோவுக்குக் கீழ சார்ஜ் போடாதீங்க.

மோர்னிங்சைட்காரன்:
உறவுகளே, ரெண்டு நாளாய் வேலைக்கு நடுவில ஒளிச்சு ஒளிச்சு வாசிச்சன்.

நேற்றைக்கு மச்சானின்ர பேஸ்மென்டுக்குப் போய் அவற்ற ட்ரெயினரில ஏறிப் பாத்தன். உண்மையைச் சொல்லுறன், நாப்பது நிமிசத்தில ஹைலண்ட் கிரீக்கில ஒருநாளும் வராத களை வந்தது. ஆனால் வேர்வை! மூக்கு நுனியால சொட்டுச் சொட்டாய் ஹாண்டில் கழுத்தில விழுது. மச்சானின்ர சைக்கிளில அந்தக் கழுத்து ஆணி எல்லாம் கறள். உப்பு ரோட்டில மட்டும் இல்லை எண்டு விளங்கிச்சு. அவற்ற அம்மா படியில நிண்டு பாத்திட்டுக் கேட்டா, "தம்பி, உவ்வளவு உழக்கியும் ஏன் இன்னும் உதிலையே நிக்கிறாய்?"

கோவைத் தம்பி, மூக்கில வடியிறதுக்கு என்ன செய்யிறனீர்?

கோவை_வாட்ஸ்:
ஃபேன் அண்ணா, பெரிய ஃபேன். மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கற சக்தில கால்வாசி, அதுக்கும் குறைவாதான் பெடலுக்குப் போகுது, மிச்சமெல்லாம் சூடு. 200 வாட் மிதிச்சா உடம்பு 600, 700 வாட் சூட்டை வெளிய தள்ளும், சின்ன ரூம் ஹீட்டர் மாதிரி. வெளிய காத்து அதை வாரிட்டுப் போயிடும், உள்ள நாமதான் காத்தைக் கொண்டு வரணும். ஹாண்டில் மேல ஒரு துண்டு. அப்ப ட்ரெயினர்தானே?

மோர்னிங்சைட்காரன்:
இல்லை. மச்சான் கிழமைக்கு ரெண்டு நாள் தன்ர மெசினில ஏற விடுறாராம், அம்மாவோட கதைக்கவேணும் எண்டது நிபந்தனை. காசுக்கு ஸ்டட் ரயர் ஒரு சோடி எடுத்திட்டன். மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை. உழக்கி அண்ணை, அந்த 40 கிலோமீட்டர் ஓடி முடிச்சிட்டன், ரோட்டில ரயர் பொரி வறுக்கிற மாதிரி இரையுது. அது சரியோ?

உழக்கி:
சரி, சரி. அது ஆணியின்ர சத்தம். சனி காலமை எட்டு மணி, மோர்னிங்சைட் பார்க் கார் தரிப்பிடம். உம்மட பாலத்துக்கே போவம். நான் முன்னுக்குப் போறன், இருபது அடி தள்ளி வாரும். கோவை, நீரும் வாரும்.

கோவை_வாட்ஸ்:
சனிக்கிழமை மைனஸ் 14 போட்டிருக்கான். எட்டு மணிக்கு எனக்குக் கீழ ட்ரெயினர்ல ரெண்டு தடவை இருபது நிமிஷம் மிதிக்க வேண்டியிருக்கு. முடிச்சிட்டு ஃபோன் பண்றேன், ரெண்டு பேரும் எடுத்தீங்கன்னா சந்தோஷம்.